வீடிழந்த பள்ளி மாணவர்களுக்காக எங்கள் லாட்ஜ் நல்கை கேட்கவிருக்கிறது: வழிகாட்டல் வேண்டும்

கேள்வி: ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம்.

ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் 16 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள எல்க்ஸ் லாட்ஜில் உறுப்பினரானேன். லாட்ஜ் என்றதும் நம்மில் பலருக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும் என்பதால் ஒரு சிறு விளக்கம் தருகிறேன். இங்கே அச்சொல் ஒரு சகோதர சங்கத்தின் ஊர்க் கிளையைக் குறிக்கிறது. 1868-இல் நியூயார்க்கில் நாடக மேடைக் கலைஞர்கள் சிலர் கூடித் தொடங்கிய எல்க்ஸ் சங்கத்துக்கு இப்போது நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன. 1928-இல் நிறுவப்பட்டுச் சிகாகோவிலிருந்து இயங்கும் எல்க்ஸ் நேஷனல் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை, கிளைகள் தத்தம் ஊரில் மேற்கொள்ளும் பணிகளுக்கு ஆண்டுதோறும் நல்கை வழங்கி வருகிறது. எங்கள் கிளைக்கான விண்ணப்பத்தை எழுதும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

பதின்ம வயதில் வீடிழந்து தவிக்கும் மாணவர்களுக்காக இந்தப் பணத்தைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற டிசம்பரில் எங்கள் கூடத்தில் குளிர்கால மேலங்கிகளை இலவசமாக வழங்கினோம். பதினாறு, பதினேழு வயதிருக்கும் ஒரு பையன் வந்தான். தன் அளவுக்கு எதையும் எடுக்காமல், சிறு பிள்ளைகள் அணியும் இரண்டு மேலங்கிகளைத் தேடி எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். அங்கே கையெழுத்திட ஒரு தாள் இருந்தது. பெயர் எழுதினான். முகவரி என்ற கட்டத்தில் பேனாவை வைத்தவன் வெகுநேரம் அப்படியே நின்றான். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான்தான். ‘அதை நிரப்ப வேண்டியதில்லை, தம்பி’ என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் எனக்கு அது தோன்றவில்லை. பேனாவைக் கீழே வைத்தான், மேலங்கிகளையும் அதன் பக்கத்திலேயே வைத்தான், வெளியே போய்விட்டான். வாகன நிறுத்துமிடம் வரை ஓடிப் பார்த்தேன், அவனைக் காணவில்லை.

உறுப்பினர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது, ஆகஸ்டில் பள்ளி திறக்கும் சமயத்தில் 200 முதுகுப்பைகளை வாங்கி, நோட்டும் பென்சிலும் நிரப்பிக் கொடுக்கலாம் என்று பெரும்பாலானோர் கூறினர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல் விருந்துக்காக மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று பணம் திரட்டுகிறவர்கள் அவர்கள்தாம். ஆயினும் முகவரிக் கட்டத்தின்முன் நின்ற அந்தப் பையனுக்கு முதுகுப்பையால் என்ன நேர்ந்துவிடும் என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். எந்த வகை நல்கைக்கு விண்ணப்பிப்பது பொருத்தமாக இருக்கும்? உண்மையில் தேவையுள்ள மாணவர்களை, அவர்கள் கூசிப்போகாதபடி, எப்படிக் கண்டடைவது? ஆண்டிறுதியில் அறிக்கையும் புகைப்படமும் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். முகம் காட்ட விரும்பாத பிள்ளைகளை வைத்து அதை எப்படிச் செய்வது?


மறுமொழி 1: பென்சில்வேனியாவிலிருந்து, லாட்ஜ் திட்ட ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். நான் வேறொரு மாநிலத்தில் உள்ள எல்க்ஸ் கிளையில் ஆறு ஆண்டுகளாகச் சமூகத் திட்டங்களைக் கவனித்து வருகிறேன். நீங்கள் சொன்ன முதுகுப்பைக் கதையை நானும் வாழ்ந்து பார்த்திருக்கிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் எழுதிய முதல் விண்ணப்பமும் முதுகுப்பைகளுக்கானதுதான். நல்கை கிடைத்தது; வாங்கினோம்; ஒரு சனிக்கிழமை முழுவதும் நாற்பது பேர் உட்கார்ந்து நிரப்பினோம். பள்ளியில் இறக்கி வைக்கப் போனபோது, அங்கிருந்த அலுவலர் மிகுந்த மரியாதையுடன் ஒரு பண்டக அறையைத் திறந்து காட்டினார். அந்த மாதத்திலேயே வேறு மூன்று அமைப்புகள் கொடுத்த பைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பில் இதை நான் அறிந்திருக்கலாம். கேட்காமல் வாங்கியது என்னுடைய பிழை. அடுத்த ஆண்டு முதல், பள்ளியில் பேசி முடிக்கும்வரை விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இதில் நான் கற்ற ஒரே பாடம் இதுதான். மற்றவையெல்லாம் நடைமுறை விவரங்கள்.

இனி அந்த விவரங்கள். கம்யூனிட்டி இன்வெஸ்ட்மென்ட்ஸ் புரோகிராம் என்ற தலைப்பின்கீழ் அறக்கட்டளை சில வகை நல்கைகளை வழங்குகிறது. கிராட்டிட்யூட் என்பது, உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று தேசியத் தலைவர் அறிவிக்கும் நன்கொடை இலக்கை எட்டிய கிளைகளுக்கு உரியது. பீக்கன் என்பது தொடர்ந்து நடைபெறும் ஒரு பணிக்காக, கிளையின் உறுப்பினர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்படுவது. இம்பாக்ட் என்பது இவற்றைவிடப் பெரிய தொகை. போட்டி முறையில் தெரிவு செய்யப்படுவதால் அதற்கு விரிவான திட்டமும், முன் அனுபவமும், கணக்கும் வேண்டும். தொகைகளும் இறுதித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். லாட்ஜின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிவதால், அந்த ஆண்டுக்குரிய வழிகாட்டுக் குறிப்பைப் படித்த பிறகே எழுதுங்கள். பழைய கோப்பில் உள்ள தாளை நம்ப வேண்டாம். உங்கள் நோக்கத்துக்குப் பீக்கன் பொருத்தமானது என்பது என் எண்ணம். முதல் ஆண்டிலேயே இம்பாக்ட்டுக்கு ஆசைப்பட வேண்டாம் என்றும் சொல்வேன்.

உறுப்பினர்களே முன்னின்று நடத்த வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் வெறும் சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காசோலையை எழுதி வேறோர் அமைப்பின் கையில் கொடுத்துவிட்டு வருவதை அறக்கட்டளை விரும்புவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. சில ஆயிரம் டாலர் என்பது ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) தேவைக்கு யானைப் பசிக்குச் சோளப் பொரி போலத்தான். ஆனால் ஒரு கிளையிடம் பணத்தைத் தவிர வேறு என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உரிமம் பெற்ற பெரிய சமையலறை இருக்கிறது. குளிர்சாதன அறை இருக்கிறது. வார நாட்களில் காலியாகக் கிடக்கும் கூடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர்களும், மின்பணியாளர்களும், செவிலியர்களும், பேருந்து ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் வார இறுதி உணவுப் பெட்டிகளை இந்த முறையில்தான் நடத்துகிறோம். வெள்ளிக்கிழமை பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளை, திங்கட்கிழமை காலைவரை வீட்டில் என்ன உண்கிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்த பணி அது. இதைப் போன்ற ஏற்பாடு 1990-களில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவியது. நல்கைப் பணத்தில் உணவு மட்டும் வாங்குகிறோம். அடுக்குவதும், கொண்டு சேர்ப்பதும், கணக்கு வைப்பதும் எங்கள் உறுப்பினர்களின் உழைப்பு. விண்ணப்பத்தில் அந்த உழைப்பை மணிக்கணக்கில் குறிப்பிடுங்கள்.

இன்னொன்றையும் நம்மவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இச்சங்கம் 1973 வரை வெள்ளையர் அல்லாதோரை உறுப்பினராக ஏற்கவில்லை; பெண்களுக்கு 1995-இல்தான் கதவு திறந்தது. இதை அறிந்துதான் நான் சேர்ந்தேன். மாற வேண்டியவை உள்ளே இருப்பவர்களால் மாறும் என்று நம்பினேன்; இன்றும் நம்புகிறேன். ஆனால் ஊரில் உள்ள மூத்த கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்தப் பழைய கதவு நன்றாக நினைவிருக்கும். நாங்கள் பொருட்களை லாட்ஜ் கட்டடத்தில் வைத்து வழங்காமல் பள்ளி வழியாக வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.


மறுமொழி 2: மிச்சிகனிலிருந்து, பள்ளிச் சமூகப் பணியாளர்

ஐயா, வணக்கம். நான் எந்த லாட்ஜிலும் உறுப்பினர் அல்ல. நீங்கள் உதவ நினைக்கும் பிள்ளைகளோடு 11 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆகவே உங்கள் இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு என்னால் சற்று விரிவாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் நீங்கள் சந்திக்க வேண்டியவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1987-இல் இயற்றப்பட்ட மெக்கின்னி-வென்டோ சட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் வீடிழந்த மாணவர்களுக்கென்று ஒரு தொடர்பு அலுவலரை நியமித்தாக வேண்டும். உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அநேகமாக அவர் வேறு இரண்டு, மூன்று பொறுப்புகளையும் சேர்த்துச் சுமப்பவராக இருப்பார். எனவே முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் பேசுங்கள்.

வீடிழந்தவர் என்ற சொல்லை அந்தச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்பது மிகவும் முக்கியம். தெருவிலும் காப்பகத்திலும் காரிலும் படுப்பவர்கள் மட்டும் அதில் அடங்குபவர்கள் அல்லர். வாடகை கொடுக்க முடியாமல் மோட்டல் அறையில் வாரக் கணக்கில் தங்கியிருப்போரும், வீட்டை இழந்து உறவினர் அல்லது நண்பர் வீட்டுக் கூடத்தில் இடம் நெருக்கிப் படுத்திருப்போரும் அடங்குவர். நாடெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பள்ளிகள் இந்த வகையில் கண்டறிகின்றன. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இப்படிப் பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள். அவர்களுள் பலர் தம்மை வீடற்றவர் என்று கருதுவதுமில்லை, அந்தச் சொல்லை ஏற்பதுமில்லை. உங்கள் மேசைக்கு வந்த அந்தத் தம்பியும் இவர்களில் ஒருவனாக இருக்கலாம். பிறர் வீட்டு முகவரியை எழுதினால், ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர்களைத் தங்க வைத்ததற்காக அந்த வீட்டுக்காரர்களே வெளியேற்றப்படுவார்களோ என்ற அச்சத்தை என்னிடம் எத்தனையோ பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள். பெயர்கூட வேண்டியதில்லை; எத்தனை மேலங்கிகள், என்ன அளவு என்று குறித்துக்கொண்டாலே உங்கள் கணக்குக்குப் போதும்.

மாணவர்களின் பட்டியலைப் பள்ளியிடம் கேட்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டம் இருப்பதால் அவர்கள் தர முடியாது; தரவும் கூடாது. பொருள் உங்களிடமிருந்து அலுவலருக்குப் போகட்டும், அவரிடமிருந்து பிள்ளைக்குப் போகட்டும். யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, இந்தப் பணியில் அதுதான் சட்டமும்கூட. புகைப்படத்துக்கும் இதே முறையைக் கையாளலாம். அடுக்கிய பெட்டிகள், வேலை செய்யும் உறுப்பினர்கள், பொருத்திய கருவி, அலுவலர் எழுதிய பெயரில்லாத கடிதம் ஆகியவையே அறிக்கைக்குப் போதுமான சான்றுகள். ஒரு பிள்ளை தானே முன்வந்தாலும் படம் எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பதினாறு வயதில் நன்றியுணர்வில் கொடுத்த சம்மதம், இருபத்தைந்து வயதில் வேலை தேடும்போது இணையத்தில் வந்து நிற்கும்.

என்ன தேவைப்படும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் அலுவலர்தான் அதற்கு உரிய பதிலைத் தர முடியும். என் ஊரில் நான் காண்பதைச் சொல்கிறேன். அரசுப் பணம் அறவே இல்லை என்று எண்ண வேண்டாம். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021-இல் ஒன்றிய அரசு வீடிழந்த மாணவர்களுக்கென்று 80 கோடி டாலர் ஒதுக்கியது. அதைச் செலவுக்கு உறுதி செய்யும் கெடு 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பணத்தில் பழகிய பணிகள் பல மாவட்டங்களில் இப்போது சுருங்கியிருக்கின்றன. எஞ்சியிருக்கும் அரசுப் பணத்தில் காலணி வாங்கலாம், உடை வாங்கலாம். ஆனால் கொள்முதல் ஆணை எழுதி, ஒப்புதல் பெற்று, பொருள் வந்து சேர இரண்டு, மூன்று வாரம் ஆகும். காலணியின் அடிப்பகுதி பிய்ந்து பனி உள்ளே புகுகிற பிள்ளைக்கு அது நாளைக்கே வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் உங்களைப் போன்றவர்களின் பணம் எங்களுக்குக் கைகொடுக்கும்.

துவைப்பதற்கு வழியில்லாமல் பள்ளிக்கு வராதிருப்பவர்கள் அநேகம். என்னிடம் வந்த ஒரு மாணவி சனவரி மாதத்தில் ஈரம் காயாத ஸ்வெட்டரை அணிந்துகொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் இரவு குளியலறையின் கைகழுவும் தொட்டியில் கைச்சோப்பால் அலசி, அறையைச் சூடாக்கும் குழாயின்மேல் போட்டிருப்பாள். விடிவதற்குள் அது காய்ந்திருக்காது. நாற்றத்தோடு வருவதைவிட ஈரத்தோடு வருவது மேல் என்று அவளே என்னிடம் சொன்னாள். பள்ளிக்குள் ஒரு துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் வந்த பிறகு, அவள் காலை ஆறே முக்காலுக்கு வந்து, முதல் மணி அடிப்பதற்குள் காய்ந்த துணியோடு வகுப்புக்குப் போனாள். அந்தப் பருவத்தில் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளைவிடத் தாள்கள்தாம் பெரும் சுவர். பிறப்புச் சான்றிதழின் நகலுக்கும், மாநில அடையாள அட்டைக்கும், ஓட்டுநர் பயிற்சிக்கும் கட்டணம் வேண்டும். கல்லூரி நிதியுதவிப் படிவத்தில், பெற்றோர் துணையின்றி வீடிழந்து வாழும் மாணவர் என்று தொடர்பு அலுவலர் எழுதித் தரும் கடிதம் ஒன்றிருந்தால், பெற்றோரின் வருமான விவரமும் கையெழுத்தும் தேவைப்படாது. இதை அறியாமல் கல்லூரியைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து (பெற்றோரைப் பிரிந்து அரசின் பொறுப்பில் வளர்வதிலிருந்து) வெளிவரும் இளைஞர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் சேஃபி சட்டத்தையொட்டி ஏற்பட்ட திட்டத்தில் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கிடைக்கும். உங்கள் லாட்ஜ் உறுப்பினர்களில் அலுவலகப் பணி பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இருந்தால், இந்தப் படிவங்களை நிரப்பும் மாலைப்பொழுது ஒன்றைப் பள்ளியோடு சேர்ந்து நடத்தலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு.

ஒரு நிபந்தனையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு தொண்டரும் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்து இருக்கக் கூடாது, தன் காரில் ஏற்றிச் செல்லவும் கூடாது. உறுப்பினர்கள் சிலருக்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.


மறுமொழி 3: டெக்சஸிலிருந்து, கணக்காளர்

முந்தைய இரு பதிவுகளும் மிகப் பயனுள்ளவை. நான் சிறு தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பார்ப்பவன். பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்க்ஸ் கிளைகள் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(8) என்ற பிரிவில், அதாவது சகோதர சங்கங்களுக்கான பிரிவில், வரிவிலக்குப் பெற்றவை. அவற்றின் தேசிய அறக்கட்டளையோ 501(சி)(3) என்ற அறநிறுவனப் பிரிவில் உள்ளது. நடைமுறையில் இந்த வேறுபாட்டால் பலர் தடுக்கி விழுகிறார்கள். அறக்கட்டளையின் நல்கையைத் தவிர, உங்கள் ஊரின் சமூக அறக்கட்டளையிடமோ ஒரு வங்கியிடமோ கூடுதல் பணம் கேட்கப் போனால், அவர்களில் பெரும்பாலோர் 501(சி)(3) அமைப்புகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மட்டுமே கொடுப்பார்கள். அத்தகைய இடங்களில் பள்ளி மாவட்டமே விண்ணப்பதாரராக இருக்கட்டும்; லாட்ஜ் துணை அமைப்பாக உழைப்பையும் இடத்தையும் தருவதாக எழுதுங்கள். தனிநபர் ஒருவர் லாட்ஜுக்குத் தரும் நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால், அந்தப் பணம் முழுக்க அறப்பணிக்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும். 250 டாலரும் அதற்கு மேலும் தருவோருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்புகைக் கடிதம் கொடுப்பது அவசியம்.

லாட்ஜின் பொதுக் கணக்கில், உணவகப் பணமும் உறுப்பினர் சந்தாவும் வந்து விழுகிற இடத்தில், நல்கைப் பணத்தைக் கலக்க வேண்டாம். தனிக் கணக்கு திறக்க முடியாவிட்டால், தனிப் பேரேடாவது வையுங்கள். ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து, தேதியிட்டு ஒரே கோப்புறையில் சேருங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் கடை ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், மார்ச் மாதத்தில் இறுதி அறிக்கை எழுத உட்காரும்போது வெற்றுத்தாள்தான் கையில் இருக்கும். பழைய நல்கைக்கு இறுதி அறிக்கை கொடுக்காத அமைப்பு புதிய நல்கையை எதிர்பார்க்க முடியாது. கடைப் பரிசு அட்டைகளை வாங்குவதாக இருந்தால், முதலில் அறக்கட்டளையிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள். அனுமதி கிடைத்தால், அட்டையின் எண், தொகை, அலுவலரிடம் ஒப்படைத்த நாள், அவருடைய கையெழுத்து ஆகியவை பதிவேட்டில் இருக்கட்டும்; பெற்ற பிள்ளையின் பெயர் அதில் வேண்டாம்.

விண்ணப்பத்தின் வரவு செலவுத் திட்டத்தில் எதிர்பாராச் செலவு, இதர செலவு என்று பொதுப்பட எழுதாமல், இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன விலை என்று எழுதுங்கள். படிப்பவருக்கு நீங்கள் கடைக்குப் போய் விலை விசாரித்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.


கேள்வி கேட்டவர்: மூன்று வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதிவுகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் மாவட்டத் தொடர்பு அலுவலரைச் சந்தித்தேன். உட்கார்ந்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: ‘உங்களிடம் எது போதுமான அளவு இருக்கிறது?’ பென்சில்வேனிய நண்பரின் பண்டக அறையை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி அது. அவர் உடனே சொன்ன பதில்: முதுகுப்பைகள்.

எது இல்லை என்று கேட்டபோது அவர் சற்று யோசித்தார். உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் குழாய் இணைப்பும் வடிகாலும் உள்ள ஒரு சிறிய அறை பல ஆண்டுகளாகப் பழைய நாற்காலிகளை அடுக்கி வைக்கப் பயன்படுகிறது. அங்கே துவைக்கும் இயந்திரம் வைக்க வேண்டும் என்று இருமுறை கேட்டும் பணம் ஒதுக்கப்படவில்லை என்றார். அடுத்ததாக, கிறிஸ்துமஸ் விடுமுறையின் இரண்டு வாரங்களைக் குறிப்பிட்டார். பள்ளி மூடியிருக்கும் அந்த நாட்களில் மோட்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, அடுப்பில்லாமல் உண்ணக்கூடிய உணவு வேண்டுமாம். அரிசியும் பாஸ்தாவும் கொடுக்கிறார்கள், மைக்ரோவேவ் மட்டும் இருக்கிற அறையில் அதை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, நானே சென்ற ஆண்டு அரிசிப் பை கொடுத்தவன் என்பது நினைவுக்கு வந்தது.

இதைக் கூட்டத்தில் வைத்தேன். எதிர்ப்பு வரும் என்று அஞ்சியிருந்தேன், வரவில்லை. வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, இயந்திரத்தைப் பொருத்துவதையும் பராமரிப்பதையும் தாம் ஏற்பதாகவும், வீட்டு உபயோக இயந்திரம் தாங்காது, நாணயச் சலவையகங்களில் உள்ளது போன்ற உறுதியான வகையை வாங்க வேண்டும் என்றும் சொன்னார். விலையும் அவரே விசாரித்து வந்துவிட்டார். பீக்கன் நல்கைக்கு எழுதுகிறோம். இயந்திரங்கள், சலவைத் தூள், கயிறு கட்டிய துணிப்பைகள், விடுமுறை உணவுப் பெட்டிகள் ஆகியவை வரவு செலவில் உள்ளன. நோட்டும் பென்சிலும் வாங்குவதற்கென்று ஏற்கெனவே திரட்டியிருந்த பணத்தை, அடையாள அட்டைக் கட்டணங்களுக்காகத் தனியே எடுத்து வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. மேலங்கி வழங்கும் தாளில் இப்போது இரண்டே கட்டங்கள் இருக்கின்றன: அளவு, எண்ணிக்கை.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த அறைக்கு என்ன பெயர்ப்பலகை வைப்பது, சாவியை யாரிடம் வைப்பது? எல்க்ஸ் சங்கத்தின் பெயர் வாசலில் இருக்க வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் விரும்புகிறார்.


மறுமொழி: மிச்சிகனிலிருந்து, பள்ளிச் சமூகப் பணியாளர்

ஐயா, படித்து மிகவும் மகிழ்ந்தேன். சங்கத்தின் பெயரை இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு தகட்டில் பொறித்துக்கொள்ளலாம். அறிக்கைக்கு அதைப் படமெடுத்தும் அனுப்பலாம். கதவில் ‘விளையாட்டுச் சீருடை அறை’ என்ற பலகை போதும். உண்மையிலேயே கூடைப்பந்து அணியின் சீருடைகளையும் அங்கே துவைக்கச் சொல்லுங்கள். கையில் துணிப்பையோடு அந்தப் பக்கம் போகும் பிள்ளை எதற்காகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

சாவி முதல்வர் அலுவலகத்தில் இருக்க வேண்டாம். அங்கே போய்க் கேட்க வேண்டுமென்றால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். காலையில் முதலில் பள்ளிக்கு வருபவர் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளராகத்தான் இருப்பார். எங்கள் பள்ளியில் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஆறரை மணிக்கு அவர் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், விண்ணப்பத்தில் அவருடைய பணியையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.